‘பூமர் அங்கிள்ஸ்’ என்று போட்டுவிட்டேன், இனி வாயே திறக்கக் கூடாதா?

கேள்வி: எனக்கு 26 வயது. கோவையில் ஒரு ஐடி நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை, சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் டீமுக்கு 43 பேர் கொண்ட வாட்ஸ்அப் க்ரூப் இருக்கிறது. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை, சேப்பாக்கத்தில் சிஎஸ்கே - ஆர்சிபி மேட்ச் முடிந்த கையோடு, தோனியைப் பற்றி இப்படிப் போட்டேன்: ‘9-வதா இறங்குறதுக்கு டீம்ல எதுக்கு? ஸ்கோர்போர்டு படிக்கத் தெரியாத பூமர் அங்கிள்ஸ்தான் இன்னும் கைதட்டுவாங்க.’ அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால்தான் டீம் லீட் கைதட்டல் எமோஜி போட்டிருந்தார். எனக்கு அது தோன்றவே இல்லை. அதே வாரம் இன்னும் இரண்டு மெசேஜ். ஒன்று, ‘ராஜா பாட்டெல்லாம் ஒரே மாதிரிதான். அதையே கேட்டுட்டு இருக்கிறவங்க மண்டையில புதுசு எதுவும் ஏறாது.’ இன்னொன்று, ‘குட்மார்னிங் படம் போடுறவங்களைத் தூக்குங்கப்பா. இது ஆபீஸ் க்ரூப்பா, முதியோர் இல்லமா?’

கிரிக்கெட் மெசேஜை மறுநாள் காலையில் டெலிட் செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, ‘டோனைக் கொஞ்சம் கவனிங்க’ என்றார். அப்ரைசல் நேரம். லீட் முன்பு போலப் பேசுவதில்லை. ‘66ஏ-ல கேஸ் கூடப் போடலாம்’ என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். எக்ஸ் தளத்தில் என் பழைய பதிவுகள் நிறைய இருக்கின்றன, பயோவில் கம்பெனி பெயரும் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஊமையாக இருந்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஊமையாக வேண்டாம். உங்கள் மூன்று மெசேஜிலும் பாதி சரியாக இருக்கிறது. மீதிப் பாதிதான் மேனேஜரை எழுந்து வரவைத்தது. எந்தப் பாதி என்று பார்ப்போம்.

முதல் மெசேஜில் இரண்டு வாக்கியம். முதலாவது ஒரு கேள்வி, நியாயமான கிரிக்கெட் கேள்வி. அன்றைக்கு இலக்கு 197. சிஎஸ்கே 146-க்கு 8, தோல்வி 50 ரன்னில். அஸ்வினுக்கும் கீழே 9-வதாக வந்த தோனி 16 பந்தில் 30 நாட் அவுட். 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சிஎஸ்கேவை ஆர்சிபி ஜெயித்ததே அன்றுதான். இவ்வளவு அடிக்கத் தெம்பிருப்பவர் ஏன் முன்னால் வரவில்லை என்று அன்றிரவு தமிழ்நாட்டில் கேட்காத டீக்கடை இல்லை. அதற்கான பதிலும் இரண்டு நாளில் வந்தது: குவாஹாட்டி மேட்சுக்குப் பிறகு பயிற்சியாளர் ஃபிளெமிங், தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் ஓடி ஓடி ஆட முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். நீங்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் ஞாயிறு இரவு அந்தச் செய்தியை லீடே உங்களுக்கு அனுப்பியிருப்பார், பேச்சு தொடர்ந்திருக்கும்.

இரண்டாவது வாக்கியத்தில் தோனி இல்லை, மேட்ச் இல்லை. கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, படிக்கத் தெரியாது என்கிற தீர்ப்பு இருக்கிறது. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் கைதட்டியவர் க்ரூப்பில் ஒரே ஒருவர். பெயர் போடாமல் எழுதினேன் என்பது இங்கே செல்லாது, திரையில் அவருடைய எமோஜிக்கு நேர் கீழே உங்கள் வாக்கியம் நிற்கிறது. எழுதுகிறவர் மேட்சைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறார், படிக்கிறவர் மேலே இருக்கிற மெசேஜைப் பார்த்துவிட்டுப் படிக்கிறார். க்ரூப் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன. அனுப்பும் முன் கட்டைவிரலால் திரையைக் கொஞ்சம் மேலே தள்ளி, கடைசி ஐந்து மெசேஜ் யாருடையவை என்று பார்ப்பதற்கு மூன்று விநாடி போதும்.

பொருளையும் ஆளையும் பிரிக்கிற இந்தக் கோடு ஏதோ ஹெச்ஆர் பயிற்சி வகுப்பில் கண்டுபிடித்ததல்ல. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது. அவதூறு பற்றிய 499-ஆம் பிரிவின் ஆறாவது விதிவிலக்கு, பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட எந்தப் படைப்பையும் நிகழ்ச்சியையும் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்து சொன்னால் அவதூறு ஆகாது என்கிறது. மேடையேறும் பாடகர் தன் பாட்டை மக்களின் தீர்ப்புக்கு விடுகிறார் என்று உதாரணமே கொடுத்திருக்கிறது. அடுத்த உதாரணம்தான் அழகு, அதில் வரும் கற்பனை ஆளின் பெயர் இசட். ‘இசட் எழுதிய புத்தகம் அசட்டுத்தனமானது, அப்படியானால் இசட் பலவீனமான ஆளாகத்தான் இருக்க வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால் விதிவிலக்கு உண்டு. ‘இசட் புத்தகம் அசட்டுத்தனமாக இருப்பதில் ஆச்சரியமில்லை, ஆளே பலவீனமான ஆள்தானே’ என்றால் கிடையாது. புத்தகத்திலிருந்து ஆளுக்குப் போகலாம், ஆளிலிருந்து புத்தகத்துக்கு வரக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக இது அப்படியே தொடர்கிறது. எனக்குத் தெரிந்து, இசை விமர்சனத்துக்கும் கிரிக்கெட் அரட்டைக்கும் இதைவிடக் கச்சிதமான இலக்கணம் இல்லை.

நண்பர் சொன்ன 66ஏ, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு. அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. அதன் பிறகும் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன என்பதும், 2021-ல் உச்ச நீதிமன்றமே அதைக் கேட்டு அதிர்ந்தது என்பதும் தனிக் கதை. ‘பூமர் அங்கிள்ஸ்’ என்றதற்காக உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். உங்களுக்கு இருப்பது சட்டச் சிக்கல் இல்லை, பக்கத்து சீட் சிக்கல்.

இனி இசை. ‘ராஜா பாட்டெல்லாம் ஒரே மாதிரி’ என்பதை உங்களால் நிரூபிக்க முடியாது. 1976-லிருந்து இசையமைப்பவரின் பாட்டு ‘எல்லாம்’ கேட்டவர் அந்த க்ரூப்பில் யாரும் இருக்க வாய்ப்பில்லை, நீங்கள் உட்பட. ‘எல்லாம்’, ‘எப்பவும்’, ‘எவனும்’ என்று எகரத்தில் ஆரம்பிக்கிற சொற்கள் வந்தாலே கருத்து உடைந்துவிடும், ஏனென்றால் ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும், அதை வைத்திருக்கிறவர் கட்டாயம் க்ரூப்பில் இருப்பார். அதற்குப் பதில் சின்னதாகப் பிடியுங்கள். எந்தப் பாட்டு, முன்னிசையா இடையிசையா, பல்லவியா சரணமா, எந்த வாத்தியம்? ‘இந்தப் பாட்டுல ரெண்டாவது இடையிசை வயலின் எனக்கு ரொம்ப நீளமா தோணுது’ என்று போட்டுப் பாருங்கள். பதிலுக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வருவார்களே தவிர, சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஹெட்போன் என்றதும் ஞாபகம் வருகிறது. புதுப் பாட்டு வந்த அன்றே ‘மிக்ஸிங் சொதப்பல், பேஸே இல்ல’ என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் போன் ஸ்பீக்கரில் கேட்டவர்கள். அந்தப் பொத்தான் அளவு ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த சுருதிகளை எழுப்பவே வலு கிடையாது, பேஸ் கிடாரும் தவிலின் தொப்பி என்கிற தாழ்ந்த சுருதிப் பக்கமும் அதில் கரைந்துதான் போகும். வாட்ஸ்அப்பில் ஒருவர் ரெக்கார்டு செய்து அனுப்பிய துணுக்கென்றால் இன்னும் மோசம், சுருக்கியதை மறுபடி சுருக்கியிருக்கும். ஒயர் உள்ள ஹெட்போனில், ஸ்ட்ரீமிங் ஆப்பின் செட்டிங்கில் தரத்தை உச்சத்தில் வைத்து, ஈக்வலைசரை அணைத்துவிட்டு இரண்டு முறை கேளுங்கள். அப்போதும் பாடகர் குரல் தாளத்துக்கு அடியில் புதைந்திருந்தால் தாராளமாக எழுதுங்கள். அது மிக்ஸிங் பற்றிய கருத்து, இசையமைப்பாளர் பற்றியது அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அந்த வேலை பெரும்பாலும் வேறொருவருடையது.

இன்னொரு சொல்லில் மட்டும் கை வைக்கும்போது உஷார்: ‘காப்பி’. ‘பிடிக்கவில்லை’ என்பது கருத்து, ‘காப்பி அடித்தார்’ என்பது குற்றச்சாட்டு. இரண்டு பாட்டு மோகன ராகத்தில் இருந்தால் ஐந்தே ஸ்வரத்துக்குள் இரண்டும் சுற்றுகின்றன, அங்கங்கே முட்டத்தான் செய்யும். ஸ்வர வரிசை, தாளத்தில் எடுப்பு (பாட்டு தொடங்குவது) விழும் இடம், சொற்றொடரின் நீளம், இந்த மூன்றும் சேர்ந்து சில வரிகளுக்கு ஒத்துப்போனால்தான் பேச்சே எழும். அதைச் சொல்லத் தெரியவில்லை என்றால் ‘அந்தப் பாட்டு ஞாபகம் வருது’ என்று நிறுத்திக்கொள்ளலாம். அதில் பொய்யும் இல்லை, பழியும் இல்லை.

உங்கள் மெசேஜின் பின்பாதி, அந்த ‘மண்டையில ஏறாது’, மறுபடியும் ஆளைப் பற்றியது. ராஜாவா ரஹ்மானா என்பது நம் ஊரில் பெரும்பாலும் இசை விவாதமே இல்லை. யார் எந்த வயதில் எந்த பஸ்ஸில் எந்த கேசட் கேட்டார்கள் என்பதுதான் உள்ளே ஓடும். ரஹ்மான் இசையமைப்பாளராக வருவதற்கு முன் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர், அவர்கள் இருவருக்குள் இல்லாத சண்டையை 43 பேர் க்ரூப்பில் நடத்துகிறோம். ஒருவருடைய இருபது வயதுப் பாட்டைக் கிண்டல் செய்தால் அவர் பாட்டுக்காகக் கோபப்படுவதில்லை.

குட்மார்னிங் படங்களைப் பொறுத்தவரை நான் முழுக்க உங்கள் கட்சி. ஆனால் உங்கள் எரிச்சலுக்கு இரண்டு காரணம்தான், சத்தமும் போன் மெமரியும், இரண்டுக்கும் யாரையும் தூக்க வேண்டியதில்லை. க்ரூப் பெயரைத் தொட்டு நோட்டிஃபிகேஷனை ம்யூட்டில் போடுங்கள். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதே பக்கத்தில் மீடியா விசிபிலிட்டியை ‘இல்லை’ என்று மாற்றினால் அந்த ரோஜாப்பூக்கள் உங்கள் கேலரியில் வந்து உட்காராது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவுக்குள் போய் ஆட்டோ டவுன்லோடில் போட்டோ, வீடியோ டிக்கை எடுத்துவிட்டால், நீங்கள் தொடாதவரை எதுவும் இறங்கவே இறங்காது.

வேலைத் தகவல் படங்களுக்கு நடுவே தொலைகிறது என்பது மட்டும் எல்லோருக்குமான பிரச்சினை. அதை அட்மினிடம் தனியாகச் சொல்லுங்கள்: ‘ரிலீஸ் தேதி, லீவு விவரம் எல்லாம் மேல போயிடுது. அட்மின் மட்டும் போடுற மாதிரி அறிவிப்புக்குன்னு ஒரு க்ரூப் வெச்சுட்டு, இதை அரட்டைக்கு விட்டுடலாமுங்களா?’ க்ரூப் பெர்மிஷனில் மெசேஜ் அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றினால் முடிந்தது. படம் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருப்பார்கள், உங்கள் வேலையும் நடக்கும்.

டெலிட் செய்தேன் என்கிறீர்கள். அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை, கொஞ்சம் நஷ்டமும் உண்டு. எல்லோருக்கும் நீக்குவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது, ஆனால் நீக்கிய இடத்தில் ‘இந்த மெசேஜ் நீக்கப்பட்டது’ என்ற கல்வெட்டு நிற்கும். படிக்காதவர்கள்கூட என்ன இருந்தது என்று பக்கத்தில் விசாரிப்பார்கள். ஆண்ட்ராய்டில் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை இயக்கி வைத்திருப்பவருக்கு ஒரு நாள் வரை அதன் வாசகம் அங்கே கிடக்கும். ஸ்கிரீன்ஷாட் பற்றிச் சொல்லவே வேண்டாம். நஷ்டம் என்னவென்றால், மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோவுக்குப் போனால் யார் யார் படித்தார்கள் என்று தெரியும், லீட் பார்த்தாரா இல்லையா என்று அறிய உங்களுக்கு இருந்த ஒரே வழியை நீங்களே மூடிவிட்டீர்கள். அடுத்த முறை கை நழுவினால் முதல் 15 நிமிஷத்துக்குள் எடிட் செய்து இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வெட்டுங்கள். ‘எடிட்டட்’ என்று ஓரத்தில் பொடியாக வரும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மீதி இரண்டு பழைய மெசேஜையும் இனித் தொட வேண்டாம்.

லீடிடம் மன்னிப்பு கேட்க வேண்டும், நேரில், இந்த வாரமே. மெசேஜில் வேண்டாம், க்ரூப்பில் கூடவே கூடாது. 43 பேர் முன்னால் மன்னிப்பு கேட்டால் ‘பரவாயில்லப்பா’ என்று சொல்லியே ஆக வேண்டிய கட்டாயத்தில் அவரை நிறுத்துகிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தனியாக இருக்கும்போது போய், ‘அண்ணா, வெள்ளிக்கிழமை ராத்திரி க்ரூப்ல பூமர் அங்கிள்ஸ்னு போட்டது தப்புங்க. நீங்க கைதட்டு போட்டதுக்குக் கீழயே போட்டுட்டேன், அது உங்களைச் சொன்ன மாதிரிதான் இருந்தது. இனி அப்படிப் பேச மாட்டேன்’ என்று சொல்லுங்கள். அவரை சார் என்று கூப்பிடுவது வழக்கமென்றால் சாராகவே இருக்கட்டும், இன்றைக்குப் பார்த்து அண்ணனாக்க வேண்டாம். ‘உங்க மனசு புண்பட்டிருந்தா’ என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த ‘இருந்தா’ தப்பை அவர் மனசின் மேல் ஏற்றிவிடும். ‘சும்மா ஜோக்குக்குத்தான்’ என்பதையும் விட்டுவிடுங்கள். சொல்லி முடித்ததும் தோனி 9-வதாக இறங்கியது சரியா என்று அவரே ஆரம்பித்தால், உங்கள் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம்.

கிரிக்கெட் வீரர்களை நாம் ‘அவன்’ என்றுதான் பேசுவோம். ‘செம்மயா அடிச்சான்டா’ என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது, வீட்டுப் பிள்ளையைச் சொல்கிற உரிமைதான். ஆனால் அது குரலில் இருக்கிற உரிமை. எழுத்தில் குரல் ஏறாது, ‘அவன் எதுக்கு டீம்ல’ என்பது திரையில் அவமதிப்பாகவே படிக்கப்படும். அலுவலக க்ரூப்பில் ‘அவர்’ என்று ஒரே ஒரு எழுத்தை மாற்றினால் அதே காட்டமான கருத்துகூட ஒரு படி இறங்கி உட்காரும். ‘முட்டு’, ‘சொம்பு’, ‘உருட்டு’, ‘கதறல்’ போன்ற சொற்களும் அப்படித்தான், ரசிகர்கள் மோதுகிற இடத்தில் அவை ஆட்டத்தின் பகுதி. சம்பளம் போடுகிறவர்கள் இருக்கிற இடத்தில் எழுதினால் எழுதியவர்தான் சின்னப் பையனாகத் தெரிவார்.

நீங்கள் கேட்காத ஒன்று. பெண்கள் கிரிக்கெட் பற்றியோ பெண் வர்ணனையாளர்களைப் பற்றியோ சுற்றும் மீம் எதையும் அந்த க்ரூப்பில் போடாதீர்கள், ஃபார்வர்டு கூட வேண்டாம். ‘நான் எழுதலை, வந்ததைத் தள்ளிவிட்டேன்’ என்ற வாதத்தை சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே ஏற்கவில்லை, ஃபார்வர்டு செய்தால் அந்தக் கருத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள் என்றது. அலுவலக வாட்ஸ்அப்பில் ஆபாசம் கலந்த கேலி, 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி உள் புகார்க் குழுவுக்குப் போகலாம். புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம் உண்டு, தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். அந்த இடத்தில் ‘டோனைக் கவனிங்க’ என்பதோடு முடியாது.

எக்ஸ் கணக்கை மொத்தமாக அழிக்கத் தேவையில்லை. முதலில் பயோவிலிருந்து கம்பெனி பெயரை எடுத்துவிடுங்கள். ‘கருத்துகள் என்னுடையவை’ என்று பக்கத்தில் எழுதி வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், உங்கள் நியமனக் கடிதத்தோடு தந்த நடத்தை விதியில் சமூக ஊடகம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதை ஒரு முறை தேடிப் படியுங்கள், பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பிறகு செட்டிங்ஸில் ‘உங்கள் கணக்கு’ பகுதிக்குப் போய் டேட்டா ஆர்க்கைவைக் கேளுங்கள், தயாராக ஒரு நாளாவது ஆகும். வந்ததும் அந்தக் கோப்பில் சாதி, மதம், ஊர், உடல், வயது பற்றிய சொற்களைப் போட்டுத் தேடுங்கள். மேலே சொன்ன மாதிரி ரசிகர் மோதல் சொற்களையும் தேடுங்கள். தமிழிலும் தேட வேண்டும், தங்கிலீஷில் நீங்கள் என்னென்ன எழுத்துக்கூட்டில் எழுதுவீர்களோ அத்தனையிலும் தேட வேண்டும். சிக்குவதில் ஆட்டத்தையோ பாட்டையோ பற்றியதை விட்டுவிடுங்கள், தப்பாகப் போன கணிப்பாக இருந்தாலும் இருக்கட்டும். ஆளைப் பற்றியதை மட்டும் நீக்குங்கள். யூடியூப் கமென்ட்களை மறந்துவிடாதீர்கள், அவை கூகுள் கணக்கின் ஆக்டிவிட்டி பக்கத்தில் வரிசையாக இருக்கும். கல்லூரி நாளில் எந்தப் பாட்டுக்குக் கீழே யாரைத் திட்டினீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்காது.

அப்ரைசலில் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். மேனேஜர் எடுத்தால், ‘சொன்னீங்க, அவர்கிட்ட நேர்ல பேசிட்டேன்’ என்று சொல்லிவிட்டு, இந்த அப்ரைசல் காலத்தில் டெஸ்டிங்கில் நீங்கள் பிடித்த பக் கணக்குக்கு வந்துவிடுங்கள்.